தசமபாகம்: எந்தப் பணத்தில் கொடுக்கலாம், எதில் கொடுக்கக் கூடாது?

வருமானத்தில் பத்தில் ஒன்றைக் கர்த்தருக்கென்று கொடுக்கிற தசமபாகத்தைப் பற்றிப் பிரசங்கம் கேட்காத விசுவாசி கிடையாது. தசமபாகத்தைப் பண்டசாலைக்குக் கொண்டுவாருங்கள் என்கிற மல்கியா மூன்றாம் அதிகாரம் பலருக்கு மனப்பாடம். ஆனால் ஆராதனை முடிந்து வாசலில் நிற்கும்போது வருகிற கேள்விகளுக்கு அந்தப் பிரசங்கங்களில் பதில் இருப்பதில்லை. சீட்டு எடுத்த பணத்துக்குத் தசமபாகம் உண்டா? மொய்ப் பணத்துக்கு? பிடித்தம் போக வந்த சம்பளத்திலா, முழுச் சம்பளத்திலா? டாஸ்மாக்கில் வேலை செய்கிற தம்பி காணிக்கைக் கவர் போட்டால் வாங்கலாமா? கல்யாணத்தில் வாங்கிய ரொக்கத்தில் பத்தில் ஒன்றைச் சபைக்குக் கொடுக்கிறார்களே, அது சரியா?

இந்த வழிகாட்டி அந்த வாசல் கேள்விகளுக்கானது. பெரும்பாலானோர் பத்து சதவீதம் எவ்வளவு என்ற கணக்கில் தொடங்குகிறார்கள். நான் சொல்லும் வரிசை வேறு. கையில் இருக்கும் பணம் உண்மையில் உங்களுடையதுதானா என்று முதலில் பாருங்கள். அடுத்து, அது வந்த வழி. அதற்குப் பிறகுதான் கணக்கு. வரிசை மாறினால் கணக்கு சரியாக வந்துவிடும், காணிக்கைதான் தப்பாகிவிடும்.

படி 1: உங்கள் சபையில் இது கட்டளையா, வழக்கமா?

எல்லாச் சபைக்கும் ஒரே விதி இல்லை. கத்தோலிக்கத் திருச்சபை சதவீதம் எதையும் நிர்ணயிக்கவில்லை. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் 222ஆம் பிரிவில், திருச்சபையின் தேவைகளுக்கு உதவுவது விசுவாசிகளின் கடமை என்பதோடு நின்றுவிடுகிறது. தென்னிந்தியத் திருச்சபையான சி.எஸ்.ஐ.யின் சபைகளில் சங்கச் சந்தா, ஸ்தோத்திரக் காணிக்கை, அறுப்பின் பண்டிகைக் காணிக்கை என்று பல வாசல்கள். தசமபாகம் அவற்றோடு சேர்ந்து ஊக்கப்படுத்தப்படும் ஒன்று. பெந்தெகொஸ்தே சபைகள் பலவற்றில் அது கீழ்ப்படிதலின் அடையாளமாகவே போதிக்கப்படுகிறது.

வேதத்தில் இரண்டு பக்கத்துக்கும் ஆதாரம் இருக்கிறது. நியாயப்பிரமாணம் வருவதற்கு முன்பே ஆபிரகாம் மெல்கிசேதேக்குக்குக் கொடுத்தான் (ஆதியாகமம் 14), யாக்கோபு பொருத்தனை பண்ணினான் (ஆதியாகமம் 28). அதே சமயம் பவுல் தன் நிருபங்களில் காணிக்கையைப் பற்றி இவ்வளவு எழுதியும் பத்து சதவீதம் என்று ஓரிடத்திலும் சொல்லவில்லை. வரவுக்குத் தக்கதாகச் சேர்த்துவை (1 கொரிந்தியர் 16:2), விசனமாயும் கட்டாயமாயும் அல்ல (2 கொரிந்தியர் 9:7) என்கிறார். என் நிலை இதுதான்: பத்தில் ஒன்று தொடங்குவதற்கு நல்ல அளவு. அதற்குக் குறைவாகக் கொடுப்பவன் திருடன் என்று மேடையிலிருந்து சொல்வதை நான் ஏற்பதில்லை. அந்த வழியில் போன சபைகளின் கதை ஐரோப்பாவில் இருக்கிறது. 779இல் பிராங்கிய அரசர் சார்லமேன் அரசாணையால் தசமபாகத்தைக் கட்டாயமாக்கினார். இங்கிலாந்தில் அந்தப் பாரம் வெவ்வேறு உருவத்தில் 20ஆம் நூற்றாண்டுவரை நிலத்தின் மேல் உட்கார்ந்திருந்தது, 1936இல்தான் அதை முடித்துவைக்கச் சட்டம் போட்டார்கள். ஜப்தி செய்து வாங்கிய காணிக்கையால் அங்கே யாருக்கும் சபையின் மேல் அன்பு வளரவில்லை.

இன்னொன்றையும் வாசித்துவிடுங்கள்: உபாகமம் 14:22 முதல் 29 வரை. அந்தத் தசமபாகத்தைக் கொண்டுவந்தவன் தன் வீட்டாரோடு கர்த்தருடைய சந்நிதியில் அதைப் புசித்துச் சந்தோஷப்படச் சொல்கிறது. மூன்றாம் வருஷத்தின் பங்கு லேவியனுக்கும், பரதேசிக்கும், திக்கற்ற பிள்ளைக்கும், விதவைக்கும். மல்கியாவை வாரந்தோறும் வாசிக்கிற இடங்களில் இந்தப் பகுதி ஏனோ வருஷத்துக்கு ஒரு தடவைகூட வருவதில்லை.

படி 2: கைக்கு வந்ததெல்லாம் வருமானம் அல்ல

ஒரு நோட்டை எடுத்து, போன மூன்று மாதத்தில் கைக்கோ வங்கிக் கணக்குக்கோ வந்த தொகைகளை எழுதுங்கள். எழுதிய பிறகு ஒவ்வொன்றின் எதிரிலும் ஒரே கேள்வி: இதனால் என் ஆஸ்தி கூடியதா?

கடன் வாங்கியது வருமானம் அல்ல. நகையை அடகு வைத்து எடுத்தது, பி.எஃப்.பில் முன்பணமாக எடுத்துத் திரும்பக் கட்டப்போவது, அலுவலகத்தில் பயணப்படியாகத் தந்து செலவானது, மருத்துவக் காப்பீட்டில் ஆஸ்பத்திரிக்குக் கட்டிய பில் திரும்ப வந்தது, இவை எல்லாம் ஒரே இனம். வெளிநாட்டிலிருந்து மகன் தன் வீட்டுக் கடனைக் கட்டச் சொல்லி உங்கள் கணக்குக்கு அனுப்புவதும் அப்படியே. அது உங்கள் கையைக் கடந்து போகிற பணம். அதில் கொடுக்க வேண்டுமானால் அவன் கொடுக்கட்டும்.

சீட்டில்தான் நிறைய குழப்பம். ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டு, 20 பேர், மாதம் 5,000. ஏழாவது மாதம் தள்ளி 80,000க்கு எடுத்தவர் 8,000 ரூபாயைத் தசமபாகக் கவரில் போட்டால், அவர் தன் சேமிப்புக்கும் கடனுக்கும் தசமபாகம் கொடுக்கிறார். அந்த மாதம் வரை கட்டியது ஏற்கெனவே தசமபாகம் கொடுத்த சம்பளம். மீதி இனிமேல் கட்ட வேண்டிய பாக்கி. வருமானம் எங்கே இருக்கிறது? கடைசி வரை பொறுத்து எடுத்தவரிடம். 20 மாதமும் கழிவு போகக் கட்டியது 87,000, கையில் வந்தது 95,000 என்றால் 8,000 லாபம், 800 தசமபாகம். முன்னாலேயே தள்ளி எடுத்தவருக்குப் பெரும்பாலும் நஷ்டம்தான் மிஞ்சும். அவர் ஒன்றும் கொடுக்கத் தேவையில்லை.

மொய்யும் கிட்டத்தட்ட இதே கதை. மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் மொய் நோட்டு என்பது கணக்குப் புத்தகம். எழுதினவர் வீட்டு விசேஷத்துக்கு நீங்கள் கூட்டித் திருப்பி எழுத வேண்டும். இதுவரை நீங்கள் போட்ட மொய் திரும்பி வந்ததா, புதிதாக வாங்கிய கடனா என்று பிரித்தால் மிச்சம் ஒன்றும் இருக்காது. திருப்பி எதிர்பார்க்காமல் மாமாவோ அக்காவோ மனதாரக் கொடுத்த அன்பளிப்பு வேறு. அது உங்களுக்கு வந்த ஆசீர்வாதம், அதில் கொடுங்கள்.

நிலம் விற்றால் முழு விலையில் கொடுக்க வேண்டியதில்லை. 4 லட்சத்துக்கு வாங்கியது 15 லட்சத்துக்குப் போயிருக்கிறது, புரோக்கர் கமிஷன், பத்திரச் செலவு 50,000 என்றால் பெருகியது பத்தரை லட்சம். வாங்கிய 4 லட்சத்துக்கு அன்றைக்கே தசமபாகம் கொடுத்தாயிற்று. குடியிருந்த வீட்டை விற்று அதே பணத்தில் இன்னொரு வீடு வாங்கினவர் உடனே ரொக்கம் திரட்ட முடியாமல் தவிப்பார். கையில் மிச்சம் வரும்போது கொடுத்தால் போதும் என்பது என் கருத்து. அப்பா அம்மா சொத்து பாகம் பிரிந்து வந்தால், அது உங்கள் கைக்குப் புதிது. விற்கும்போதோ வாடகை வரும்போதோ கணக்கில் எடுங்கள்.

இறப்புக்கு வரும் இன்ஷூரன்ஸ் பணம், விபத்து நஷ்டஈடு ஆகியவற்றுக்கு விதி எழுத எனக்கு மனமில்லை. கணவனை இழந்து மூன்று பிள்ளைகளோடு இருக்கிற பெண்ணிடம் போய்ப் பத்தில் ஒன்றைப் பற்றிப் பேசுகிற பாஸ்டர் உபாகமம் 14:29ஐ இன்னொரு முறை வாசிக்கட்டும். அவள் அந்த வசனத்தில் வாங்குகிற பக்கம் நிற்பவள்.

மகளிர் உரிமைத் தொகையாக மாதம் 1,000 ரூபாய், முதியோர் பென்ஷன், விதவை உதவித்தொகை ஆகியவற்றையும் இதே கண்ணோடுதான் பார்க்கிறேன். கொடுக்க ஆசைப்பட்டு 50 ரூபாய் கொண்டுவந்தால் வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்க மறுப்பது அவமதிப்பு. ஆனால் கேட்கக் கூடாது. காணிக்கைப் பெட்டியில் இரண்டு காசு போட்ட விதவையைக் காட்டிக் கேட்பார்கள். அதற்குச் சற்று முன்னால் மாற்கு 12:40இல், விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிற வேதபாரகரைப் பற்றி இயேசு சொன்னது அந்தப் பிரசங்கத்தில் விடுபட்டுப் போகும்.

படி 3: பணம் வந்த வழி

வேதம் இந்த விஷயத்தில் பூசி மெழுகவில்லை. வேசிப்பணயத்தை எந்தப் பொருத்தனைக்காகவும் கர்த்தருடைய ஆலயத்துக்குள் கொண்டுவரலாகாது (உபாகமம் 23:18). கொள்ளைப்பொருளினால் இடும் பலியைக் கர்த்தர் வெறுக்கிறார் (ஏசாயா 61:8). யூதாஸ் விட்டெறிந்த 30 வெள்ளிக்காசைப் பொறுக்கிய பிரதான ஆசாரியர்களே, இது இரத்தக்கிரயம், காணிக்கைப்பெட்டியில் போடலாகாது என்றார்கள் (மத்தேயு 27:6). இயேசுவைக் காட்டிக்கொடுக்கப் பணம் கொடுத்தவர்களுக்கு அந்தப் பணத்தை உள்ளே எடுப்பதில் கூச்சம் இருந்தது! இன்றைக்குச் சில கமிட்டிகளில் அந்தக் கூச்சமும் இல்லை.

வந்த வழியை நான் மூன்றாகப் பிரிக்கிறேன்.

முதலாவது, உங்களுடையதே அல்லாத பணம். லஞ்சம், கமிஷன் என்ற பெயரில் அடித்தது, எடையில் குறைத்தது, பங்காளி நிலத்தை மடக்கி விற்றது, வேலைக்காரனுக்குக் கொடுக்காமல் வைத்தது. இதில் தசமபாகம் என்ற பேச்சுக்கே இடமில்லை. பத்தில் ஒன்பது உங்களுடையது என்றால்தானே ஒன்று கர்த்தருடையது? இங்கே பத்துமே இன்னொருவருடையது. வரி வசூலித்த சகேயு பத்தில் ஒன்று என்று பேசவில்லை. ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பி என்றான் (லூக்கா 19:8). லேவியராகமம் 6இல் ஒழுங்கு இன்னும் தெளிவு: எடுத்ததை, ஐந்தில் ஒரு பங்கு கூட்டி, உடையவனிடம் கொடு, பிறகு பலியோடு வா.

உடையவன் யாரென்றே தெரியாவிட்டால்? தாலுகா ஆபீஸில் 20 வருஷம் 200, 500 என்று வாங்கினவருக்கு யாரிடமெல்லாம் வாங்கினோம் என்று ஞாபகமா இருக்கும்? எண்ணாகமம் 5:7, 8 இதற்கு வழி காட்டுகிறது. உடையவனுக்கு, வாங்க உறவின்முறையான் இல்லாவிட்டால் கர்த்தருக்கு. அதுவும் முழுத்தொகை. அப்படிக் கொடுப்பதைத் தசமபாகக் கவரில் போடாதீர்கள், கல்வெட்டில் பேர் வெட்டவும் சம்மதிக்காதீர்கள். போதகரிடம் தனியாகச் சொல்லி, ஏழைகளுக்கான உதவி நிதிக்குப் போகும்படி கேளுங்கள்.

இந்த வகையிலேயே சேர வேண்டியது கறுப்புப் பணம். 15 லட்சத்துக்கு விற்ற மனையைப் பத்திரத்தில் 6 லட்சம் என்று எழுதிவிட்டு, தசமபாகத்தை மட்டும் முழுத் தொகைக்கு நேர்மையாகக் கணக்குப் போடுகிற ஆட்கள் உண்டு. சபை நோட்டில் ஒரு விலை, சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரு விலை. இராயனுக்கு, அதாவது அரசுக்கு, சேர வேண்டியதை முதலில் தீர்த்துவிட்டு வருவதே முறை.

இரண்டாவது, செய்யும் தொழிலே பாவமாக இருப்பது. ஆதிச்சபை இதில் கண்டிப்பு. மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று கருதப்படும் அப்போஸ்தல மரபு என்ற ஒழுங்கு நூல், ஞானஸ்நானம் கேட்டு வருகிறவன் என்ன தொழில் செய்கிறான் என்று விசாரிக்கச் சொல்கிறது. விபசார விடுதி நடத்துபவன், வாட்போர் விளையாட்டு நடத்துபவன், சிலை செய்பவன் தொழிலை விட்டால்தான் சேர்க்கை. இன்றைக்கு இந்த வரிசையில் கஞ்சா, கள்ளச்சாராயம், கந்துவட்டி, சூதாட்டம் வரும். கந்துவட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003இல் தனிச் சட்டமே இருக்கிறது. வட்டி என்பதே தப்பா என்று கேட்டால், யாத்திராகமம் ஏழையிடம் வட்டி வாங்காதே என்கிறது. தாலந்து உவமையில் எஜமான், காசுக்காரரிடம் போட்டிருந்தால் வட்டியோடு வந்திருக்குமே என்கிறான். 16ஆம் நூற்றாண்டில் சபைச் சீர்திருத்தவாதி கால்வின், நியாயமான வட்டிக்கு நிபந்தனைகளோடு இடம் கொடுத்தார். வங்கி டெபாசிட் வட்டியில் தாராளமாகக் கொடுக்கலாம். ஆஸ்பத்திரிச் செலவுக்கு வந்தவளிடம் பத்து வட்டிக்கு விட்டு வாங்கியதில் கொடுக்க முடியாது.

லாட்டரியும் இதில்தான். தமிழ்நாட்டில் 2003 முதல் தடை. குமரி மாவட்டத்து எல்லையில் இருப்பவர்கள் களியக்காவிளை தாண்டிப் போய்க் கேரள அரசின் சீட்டை வாங்குகிறார்கள். விழுந்தால் பத்தில் ஒன்று கர்த்தருக்கு என்று பொருத்தனை வேறு. விழுந்த பணம் தோற்ற ஆயிரக்கணக்கானவர்களின் கூலி. அந்தப் பொருத்தனையை நான் ஊக்கப்படுத்த மாட்டேன். பங்குச்சந்தையை இதோடு சேர்க்காதீர்கள். ஒரு கம்பெனியில் பங்கு வாங்கி வைத்து வரும் டிவிடெண்டும் லாபமும் வருமானமே. காலையில் வாங்கிச் சாயங்காலம் விற்கிற வேகத்தில் வீட்டை அடகு வைப்பவர் தன்னைத்தானே கேட்டுக்கொள்ளட்டும்.

வரதட்சணை. 1961 முதல் சட்டப்படி குற்றம். கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களிடையே அந்தத் தொகையில் ஒரு பங்கைச் சபைக்குச் செலுத்துவது ஒரு காலத்தில் வழக்கமாகவே இருந்தது. நம் பக்கமும் கல்யாணக் காணிக்கை என்ற பெயரில் அதன் நிழல் இருக்கிறது. பெண்ணைப் பெற்றவர் வீட்டை விற்றுக் கொடுத்த பணத்தில் சபை பங்கு வாங்கினால், அடுத்த ஞாயிறு வரதட்சணைக்கு எதிராக யார் பிரசங்கம் செய்வது? திருப்பிக் கொடுக்கச் சொல்வதே சபையின் வேலை.

மூன்றாவது வகைதான் சங்கடமானது. தொழில் நாலுபேர் முகம் சுளிக்கிறது, செய்கிறவர் கூலிக்காரர். திருநெல்வேலி, தென்காசிப் பக்கம் பீடி சுற்றுகிற அக்காமார், சிவகாசிப் பட்டாசுத் தொழிலாளர், டாஸ்மாக் விற்பனையாளர், சிகரெட் கம்பெனிக்குக் கணக்கு எழுதுபவர். இதில் நான் பார்ப்பது லூக்கா 3:12 முதல் 14 வரை. ஆயக்காரரும் போர்ச்சேவகரும் யோவான் ஸ்நானனிடம் வந்து நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார்கள். ரோமனுக்கு வரி வசூலிக்கிற வேலையை விடு என்று அவர் சொல்லவில்லை. கட்டளையிட்டதற்கு மேல் வாங்காதே, சம்பளமே போதுமென்றிரு என்றார். பீடி சுற்றுகிறவள் கூலி அவள் விரலின் உழைப்பு. அதை வாங்கத் தயங்குகிற சபை, அதே பீடிக் கம்பெனி முதலாளியிடம் மண்டபத்துக்கு மின்விசிறி வாங்காமல் இருக்கிறதா என்று முதலில் பார்க்கட்டும். டாஸ்மாக் தம்பியின் சம்பளத்தில் கொடுக்கலாம். பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூட வைத்து வாங்கியது முதல் வகை, அதில் கூடாது. மனசாட்சி உறுத்தி வேறு வேலை தேடுகிறார் என்றால் சபை அவருக்குத் துணை நிற்க வேண்டும். வாடகை கட்ட வழியில்லாதவனிடம் வேலையை விடு என்று சொல்வது சுலபம்.

படி 4: பாக்கி யாருக்கெல்லாம் இருக்கிறது?

இந்தப் படியைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். பலிபீடத்தண்டையில் நிற்கும்போது சகோதரனுக்கு உன்மேல் குறை இருப்பது ஞாபகம் வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போ என்பது மத்தேயு 5:23, 24. தகப்பனுக்கும் தாய்க்கும் செய்ய வேண்டியதைக் கொர்பான், தேவனுக்குக் கொடுத்தாயிற்று என்று சொல்லித் தப்பியவர்களை இயேசு மாற்கு 7இல் கண்டித்தார். அம்மாவின் சர்க்கரை மாத்திரைக்குப் பணமில்லை, தசமபாகம் மட்டும் தவறவில்லை என்றால் அது கொர்பான். சொந்த ஜனங்களை விசாரியாதவன் விசுவாசத்தை மறுதலித்தவன் என்று 1 தீமோத்தேயு 5:8 சொல்கிறது.

கூலி பாக்கி இருந்தால் அதுதான் முதலில். கடையில் வேலை பார்க்கிற பையனுக்குச் சம்பளம் இழுத்தடித்துக்கொண்டு காணிக்கை கொடுக்காதீர்கள். வங்கிக் கடன், வீட்டுக் கடன் தவணை போன்றவை வேறு. அவை ஓடிக்கொண்டே இருக்கும். அவற்றைச் சாக்கு வைத்தால் 60 வயது வரை கொடுக்க முடியாது. கழுத்தை நெரிக்கிற கடனில் இருப்பவர் மட்டும் குறைத்து, நூற்றுக்கு இரண்டோ மூன்றோ என்று தொடங்கி, கடன் இறங்க இறங்க உயர்த்தலாம்.

கணவர் விசுவாசத்துக்கு வராத சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. அவர் வீட்டுச் செலவுக்குக் கொடுத்ததில் அவருக்குத் தெரியாமல் பத்தில் ஒன்றை எடுத்துச் சபைக்குக் கொடுக்காதீர்கள். தெரிந்தால் சபையின் பேர்தான் கெடும். உங்கள் சொந்தச் சம்பாத்தியத்தில், அல்லது உங்கள் விருப்பத்துக்கு விட்டதில் கொடுங்கள். கைப்பிடி அரிசி இப்படிப்பட்ட வீடுகளுக்கு ஏற்ற வழக்கம்; உலை வைக்கும்போது ஒரு பிடி தனியே. மிசோரம் சபைகளில் 1910 முதல் பெண்கள் இப்படிச் சேர்த்த அரிசி ஊழியத்துக்குப் பெரிய துணையாக இருந்திருக்கிறது.

படி 5: இனி கணக்கு

மாதச் சம்பளக்காரர்: மொத்தம் 40,000, அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 30,000 என்று வையுங்கள். பி.எஃப். 12 சதவீதம், 3,600 பிடித்துவிட்டு 36,400 கைக்கு வருகிறது. முழுச் சம்பளத்தில் 4,000. கைக்கு வந்ததில் 3,640. இரண்டும் சரியே, ஒன்றைத் தேர்ந்தெடுத்து மாற்றாமல் இருங்கள். கைக்கு வந்ததில் கொடுப்பவர், ஓய்வு பெறும்போது வரும் பி.எஃப். தொகை முழுவதற்கும் கொடுக்க வேண்டும். முழுச் சம்பளத்தில் கொடுத்தவர் அப்போது தன் பங்கைக் கழித்துவிட்டு, நிர்வாகத்தின் பங்குக்கும் வட்டிக்கும் மட்டும் கொடுத்தால் போதும். கிராஜுவிட்டி, போனஸ், பென்ஷன் வரும்போது கொடுக்கலாம். வருமான வரி பிடித்த பிறகா முன்பா என்று சண்டை போடுகிறவர்கள் உண்டு. நான் முன்பு என்பேன். வரி என்பது நாம் செய்யும் செலவுதான், ரோடும் ஆஸ்பத்திரியும் அதில்தான் வருகின்றன. பின்பு என்பவரோடு வாதாட மாட்டேன்.

வியாபாரிகள் விற்பனையில் கொடுத்துக் கடையை மூடக் கூடாது. மளிகைக் கடை, மாத விற்பனை 3,00,000. சரக்குக் கொள்முதல் 2,55,000. வாடகை 8,000, கரண்ட் 3,000, பையன் சம்பளம் 10,000. மிச்சம் 24,000. தசமபாகம் 2,400, ஆனால் கொஞ்சம் பொறுங்கள். வீட்டுக்குக் கடையிலிருந்தே போன அரிசி, எண்ணெய், சோப்பு 4,000 என்றால் அதுவும் உங்கள் வருமானம், 28,000க்கு 2,800. வாடிக்கையாளரிடம் வாங்கிக் கட்டுகிற ஜி.எஸ்.டி. வருமானமே அல்ல, அதை இரண்டு பக்கமும் சேர்க்காதீர்கள்.

விவசாயி உரம், கூலி, அறுவடை மெஷின் வாடகை கழித்துக் கணக்குப் பார்க்கலாம். பழைய ஏற்பாட்டில் விளைச்சலில்தான் எடுத்தார்கள் என்பது உண்மை. அன்றைக்கு யூரியா மூட்டை கடனுக்கு வாங்கவில்லை. வருஷக் கணக்கே விவசாயிக்குப் பொருந்தும். மழை பொய்த்த வருஷம் ஒன்றும் வராது, அதில் குற்ற உணர்ச்சிக்கு இடமில்லை. லேவியராகமம் 27:32இல் கோலின்கீழ்க் கடந்துபோகும் ஆடுமாடுகளில் பத்தாவதுதான் கர்த்தருடையது. ஒன்பது ஆடு வைத்திருந்தவனிடம் பத்தாவது ஆடு இல்லை.

தினக்கூலிக்காரரின் கணக்கு எவ்வளவு நுணுக்கமாக இருக்கும் என்பதை, காணிக்கை எண்ணுகிற மேஜையில் பார்த்திருக்கிறேன். ஒரு பீடித் தொழிலாளியின் கவர். முன்பக்கம் பேரும் மாதமும். பின்பக்கம் பென்சிலில் நாலு வாரக் கூலி கீழே கீழே எழுதிக் கூட்டியிருந்தது. கம்பெனி கொடுத்த இலை பற்றாமல் வெளியில் வாங்கிய இலைக்கு ஒரு தொகை, நூலுக்கு ஒரு தொகை, இரண்டையும் கழித்து, வந்த விடைக்குப் பத்தில் ஒன்று கண்டு, சில்லறையை மேலே முழுதாக்கிப் போட்டிருந்தார். ஆடிட்டர் படித்த எங்கள் கமிட்டிக்காரர் ஒருவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நிகர வருமானம் என்றால் இதுதான்யா என்றார்.

படி 6: எங்கே, எப்படிக் கொடுப்பது

மல்கியாவின் பண்டசாலை உங்கள் உள்ளூர்ச் சபை மட்டும்தான் என்று போதகர் சொல்வார். உங்களுக்கு மேய்ப்பும் சாப்பாடும் கிடைக்கிற இடத்துக்கு முதல் பங்கு என்பது நியாயமே. பாதிக்கு மேல் சபைக்கு, மீதி மிஷனெரிப் பணிக்கும் ஏழைகளுக்கும் என்று பிரித்துக் கொடுப்பதைத் தவறென்று நான் நினைக்கவில்லை. 1903இல் திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் இந்திய மிஷனெரிச் சங்கத்தைத் தொடங்கியது தங்கள் சொந்தக் காணிக்கையை நம்பித்தான். எங்கே கொடுத்தாலும் வரவு செலவு கேட்கிற உரிமை இருக்கிற இடமாகப் பாருங்கள். ரசீது தர மறுக்கிற ஊழியத்துக்குக் கொடுக்காதீர்கள்.

வரிச்சலுகையை எதிர்பார்த்து உட்கார வேண்டாம். நன்கொடைக்கான வருமான வரிச் சலுகை, 80ஜி என்று நாம் பழகியது, ஒரு குறிப்பிட்ட மதத்தாரின் நன்மைக்காக மட்டும் இயங்கும் அமைப்புக்குப் பொதுவாகக் கிடையாது. எல்லாருக்கும் சேவை செய்கிற மருத்துவமனை, காப்பகம் போன்றவற்றில் பதிவு பெற்றவை உண்டு. அங்கேயும் ரொக்கமாக 2,000க்கு மேல் கொடுத்தால் சலுகை இல்லை, புதிய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தவருக்கும் இல்லை.

வெளிநாட்டில் இருப்பவர்கள் கவனிக்க: இந்தியப் பாஸ்போர்ட்டோடு துபாயில் வேலை பார்ப்பவர் தன் சம்பளத்தை வங்கி வழியாக ஊர்ச் சபைக்கு அனுப்பலாம். அமெரிக்க, கனடியக் குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை, வெளிநாட்டு நன்கொடைச் சட்டமான எஃப்.சி.ஆர்.ஏ.வில் பதிவு இல்லாத சபை அதை வாங்குவது குற்றம். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும் அதே விதிதான்.

படி 7: வாங்குகிறவர்களுக்கு

கொடுப்பவனுக்கு மட்டும் விதி சொல்லிவிட்டு முடித்தால் பாதிதான் முடிந்தது. இரண்டாம் நூற்றாண்டில் மார்சியோன் என்ற செல்வந்தர் ரோமாபுரிச் சபைக்கு செஸ்டர்ஸ் என்ற ரோம நாணயத்தில் 2,00,000 கொடுத்திருந்தார். அவருடைய உபதேசம் தவறென்று விலக்கியபோது சபை அந்தப் பணத்தையும் கையில் கொடுத்தே அனுப்பியது என்று ஆதிச்சபை எழுத்தாளர் தெர்த்துல்லியன் எழுதுகிறார். 1905இல் இதற்கு நேர்மாறான ஒன்று நடந்தது. பாஸ்டனில் இருந்த அமெரிக்கன் போர்டுக்கு, 1816இல் யாழ்ப்பாணத்துக்கும் 1834இல் மதுரைக்கும் மிஷனெரிகளை அனுப்பிய அதே சங்கத்துக்கு, எண்ணெய் முதலாளி ராக்ஃபெல்லர் 1,00,000 டாலர் கொடுத்தார். சிறு வியாபாரிகளை நசுக்கிச் சேர்த்த பணம், வாங்காதீர்கள் என்று போதகர் வாஷிங்டன் கிளாடன் எதிர்த்து எழுதினார். ராக்ஃபெல்லர் தானாக நீட்டவில்லை, சங்கத்தார்தான் போய்க் கேட்டிருக்கிறார்கள் என்பது அந்த வாக்குவாதத்தில் வெளியே வந்தது. பணம் திரும்பிப் போகவில்லை.

ஆகவே பொருளாளர்களே, நீங்களாகப் போய்க் கேட்கும்முன் யாரிடம் கேட்கிறோம் என்று பாருங்கள். ஒரே ஆளிடம் ஒரே நாளில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கச் சட்டம் விடாது; காசோலையாகத் தாருங்கள் என்று கேட்டாலே பாதிப் பேர் பின்வாங்குவார்கள். சந்தேகத்தின் மேல் யார் கவரையும் திருப்பாதீர்கள், ஊர்ப்பேச்சு ஆதாரம் ஆகாது. தெளிவாகத் தெரிந்தால் போதகரும் இன்னொரு மூப்பரும் அவர் வீட்டுக்குப் போய்த் தனியே பேசட்டும். திருப்புவதென்று முடிவானால், தொகையையும் தேதியையும் மட்டும் கமிட்டித் தீர்மான நோட்டில் எழுதி, பேரை எழுதாமல், ஏற்கெனவே ரசீது போட்டிருந்தால் அதன் எண்ணைக் குறித்து ரத்து செய்து, வந்த வழியிலேயே, வங்கியில் வந்திருந்தால் வங்கி மூலமாகவே, திருப்பிவிடுங்கள்.